இடப்பக்கத்துக் குட்டிப் பூஜ்யங்கள்

குழந்தைகளே! ஓர் எண்ணுக்கு வலப்பக்கம் பூஜ்யம் போட்டால் என்ன ஆகும்? 5 என்பது 50 ஆகும். இன்னொன்று போட்டால் 500 ஆகும். அதே பூஜ்யத்தை இடப்பக்கம் போட்டால்? 05 என்றாலும் ஐந்துதான், 000005 என்றாலும் ஐந்துதான். கணக்கு நோட்டில் அப்படி எழுதி வைத்தால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

ஆனால் புது ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரைக் கவனித்திருக்கிறீர்களா? 47 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் 000047 என்று நிற்கும். அங்கே யாரும் அதைத் தப்பு என்று சொல்வதில்லை. மதிப்பே இல்லாத இந்த இடப்பக்கத்துப் பூஜ்யங்களை வேண்டுமென்றே தன் அட்டவணையில் எழுதி, அவற்றின் உதவியால் எண்களுக்குள் ஒளிந்திருந்த ஓர் ஒழுங்கைக் காட்டிய மேதை ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தார். அவர் பெயர் காட்ஃபிரீட் வில்ஹெல்ம் லைப்னிட்ஸ். பெரிய வகுப்புக்குப் போனதும் நுண்கணிதப் பாடத்தில் இந்தப் பெயரைக் கட்டாயம் சந்திப்பீர்கள்.

லைப்னிட்ஸ் 1646-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி லைப்சிக் நகரில் பிறந்தார். அன்று ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. சின்னச் சின்ன அரசுகளாகச் சிதறிக் கிடந்தது. முப்பது ஆண்டுகளாக நடந்த பெரிய போர் ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. தந்தை அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தன.

சிறுவனுக்கு ஆறு வயது இருக்கும்போது தந்தை இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற புத்தக அறைதான் பிள்ளைக்குத் துணையாயிற்று. புத்தகங்கள் பெரும்பாலும் லத்தீன் மொழியில் இருந்தன. அவனுக்கோ அந்த மொழி சரியாகத் தெரியாது. ரோமானிய வரலாற்று ஆசிரியர் லிவி எழுதிய படங்கள் போட்ட புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. படத்தைப் பார்ப்பதும், கீழே உள்ள வரியைப் பார்ப்பதும், இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருளாக இருக்கும் என்று ஊகிப்பதுமாகவே லத்தீனைக் கற்றுக்கொண்டுவிட்டான்!

பதினான்கு வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தத்துவமும் சட்டமும் படித்தார். இருபது வயதில் டாக்டர் பட்டத்துக்குத் தயாரானார். லைப்சிக் பல்கலைக்கழகம் தர மறுத்துவிட்டது. வயதில் மூத்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். சும்மா இருப்பாரா? ஆல்ட்டோர்ஃப் என்ற ஊரில் இருந்த பல்கலைக்கழகத்துக்குப் போய் 1667-ல் பட்டம் வாங்கினார். அங்கேயே பேராசிரியர் வேலையும் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உலகத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு.

அந்த வயதிலேயே அவர் மனத்தில் ஒரு கனவு இருந்தது. எத்தனை பெரிய சொல்லானாலும் சில எழுத்துகளால் ஆனதுதானே! அதுபோல மனிதனின் எண்ணங்களையும் மிக எளிய சில துண்டுகளாகப் பிரித்துவிட முடியாதா? அப்படிப் பிரித்துவிட்டால் இரண்டு பேர் வாக்குவாதம் செய்யும்போது சண்டை போடவேண்டியதில்லை. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டு யார் சொல்வது சரி என்று கண்டுபிடித்துவிடலாம். இந்தக் கனவு நிறைவேறவே இல்லை. ஆனால் அவர் செய்த பல வேலைகளுக்கு இதுதான் விதை.

1672-ல் பாரிஸ் போனார். போன காரணம் வேடிக்கையானது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி அண்டை நாடுகள் மீது படையெடுக்கத் துடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கவனத்தை எகிப்தின் பக்கம் திருப்பிவிட்டால் ஜெர்மானிய அரசுகள் தப்பிக்கும் என்று லைப்னிட்ஸ் ஒரு திட்டம் தயாரித்திருந்தார். மன்னர் காது கொடுக்கவில்லை. திட்டம் வீணாயிற்று. ஆனால் அந்தப் பயணம் வீணாகவில்லை. பாரிசில் கிறிஸ்டியன் ஹைகன்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியின் நட்பு கிடைத்தது.

ஹைகன்ஸ் அவருக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். 1, 3, 6, 10, 15 என்று முக்கோணமாக அடுக்கக்கூடிய எண்கள் இருக்கின்றன அல்லவா? 1-உடன் 1/3, 1/6, 1/10, 1/15 என்று முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டே போனால் என்ன வரும்? லைப்னிட்ஸ் ஒவ்வொரு பின்னத்தையும் இரண்டு பின்னங்களின் வித்தியாசமாக எழுதிப் பார்த்தார். முதல் எண்ணான 1 என்பது 2-லிருந்து 1 போனது. 1/3 என்பது 1-லிருந்து 2/3 போனது. 1/6 என்பது 2/3-லிருந்து 1/2 போனது. இப்படி எழுதினால் நடுவில் உள்ளவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது 2 மட்டும்தான்! எழுதுகிற விதத்தை மாற்றினால் கணக்கு தானே அவிழ்ந்துகொள்ளும் என்ற பாடத்தை அவர் இங்கேதான் கற்றார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே பாரிசில் 1675-ல் அவர் நுண்கணிதத்தின் அடிப்படைகளைக் கண்டுபிடித்தார். தொகையிடலுக்கு நாம் இன்றும் போடுகிற, நீண்டு வளைந்த அந்தக் குறி அவர் போட்டதுதான்.

கணக்கு இயந்திரம் ஒன்றும் செய்தார். அவருக்கு முன்பே பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் கூட்டவும் கழிக்கவும் ஓர் இயந்திரம் செய்திருந்தார். லைப்னிட்ஸ் செய்தது பெருக்கவும் வகுக்கவும் கூடியது. ஓர் உருளையில் ஒன்பது பற்கள். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் நீளமாகப் படிக்கட்டு மாதிரி இருக்கும். பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தை எங்கே நிறுத்துகிறோமோ அதற்கு ஏற்றபடி மூன்று பல்லோ ஏழு பல்லோ மட்டும் அதைத் தள்ளும். 1673-ல் இதன் மர மாதிரியை லண்டனுக்கு எடுத்துப் போய் ராயல் சொசைட்டி விஞ்ஞானிகள் முன்னால் காட்டினார். மாதிரி முழுமையாக வேலை செய்யவில்லை. இருந்தாலும் அந்த ஆண்டே அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். இனமாற்றம் செய்கிறோமே, ஒன்பதோடு ஒன்று சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஒன்று போகவேண்டுமே, அதுதான் அந்த இயந்திரத்துக்குக் கடைசி வரை தொல்லை கொடுத்தது.

1676-ல் ஹனோவர் நகருக்கு வந்தார். அங்கே ஆண்ட கோமகனிடம் நூலகராகவும் ஆலோசகராகவும் வேலை. நாற்பது ஆண்டுகள், அதாவது சாகும்வரை, அந்த வேலைதான். சம்பளம் வாங்குகிறவர் எஜமானர் சொன்னதையெல்லாம் செய்யவேண்டுமே! ஹார்ட்ஸ் மலையில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத்துக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். காற்றாலை வைத்து அதை இறைக்கலாம் என்று லைப்னிட்ஸ் இறங்கினார். பல ஆண்டுகள் பாடுபட்டும் காற்றாலைகள் எதிர்பார்த்தபடி உழைக்கவில்லை. சுரங்க அதிகாரிகளும் ஒத்துழைக்கவில்லை. 1685-ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

சுரங்கமும் நூலகமுமாக ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான், 1679 மார்ச் 15-ஆம் தேதியிட்ட சில தாள்களில், நம் கதையின் முக்கியமான விஷயத்தை அவர் எழுதி வைத்தார்.

நாம் எண்களை எழுதப் பத்து இலக்கங்களைப் பயன்படுத்துகிறோம். 0 முதல் 9 வரை. வலமிருந்து ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று இடமதிப்பு பத்துப் பத்து மடங்காகப் போகும். பத்து எதற்கு, இரண்டே இலக்கம் போதாதா என்று கேட்டார் லைப்னிட்ஸ். 0, 1 இரண்டு மட்டும். இடமதிப்பு 1, 2, 4, 8, 16, 32 என்று இரண்டிரண்டு மடங்காகப் போகட்டும். அப்போது ஐந்தை எப்படி எழுதுவது? நாலும் ஒன்றும் ஐந்து. ஆக 101. ஆறு? நாலும் இரண்டும். ஆக 110. ஏழு? நாலும் இரண்டும் ஒன்றும். ஆக 111. இவைதாம் இரும எண்கள். பைனரி என்றும் சொல்கிறோம்.

எடைக்கல்லை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். 1, 2, 4, 8, 16, 32 கிலோ எடைக்கற்கள் ஒவ்வொன்று மட்டும் இருந்தால் போதும், 1 கிலோ முதல் 63 கிலோ வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். தட்டில் வைத்த கல்லுக்கு 1. வைக்காத கல்லுக்கு 0. லைப்னிட்சே எடைக்கல்லையும் நாணயத்தையும்தான் உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்.

இரும எண்ணில் கூட்டுவது இன்னும் எளிது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் 0 போட்டு, அடுத்த இடத்துக்கு 1 கொண்டுபோகவேண்டும். அவ்வளவே. 110-ஐயும் 111-ஐயும் கூட்டிப் பாருங்கள். 1101 வரும். அதாவது ஆறும் ஏழும் பதின்மூன்று. வாய்ப்பாடு மனப்பாடம் செய்யவேண்டிய வேலையே இல்லை! (இதைப் படித்துவிட்டு வாய்ப்பாட்டை மறந்துவிடாதீர்கள். பத்து ரூபாய்க்குச் சில்லறை வாங்க அதுதான் உதவும்.)

அந்த 1679-ஆம் ஆண்டுத் தாள்களில் இன்னொன்றும் இருக்கிறது. கோலிக்குண்டுகளால் கணக்குப் போடும் இயந்திரம்! ஒரு பெட்டி. அதில் வரிசையாகத் துளைகள். துளைகளைத் திறக்கலாம், மூடலாம். 1 வரும் இடத்தில் துளை திறந்திருக்கும். 0 வரும் இடத்தில் மூடியிருக்கும். திறந்த துளை வழியே குண்டு விழுந்து கீழே உள்ள கால்வாயில் ஓடும். மூடிய துளையில் எதுவும் விழாது. இந்த இயந்திரத்தை அவர் செய்து பார்க்கவில்லை. தாளோடு நின்றுவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். தாளில் ஐந்தை 101 என்று எழுதி நிறுத்திவிடலாம். பெட்டியில் அப்படி முடியுமா? பெட்டியில் ஆறு துளை இருந்தால் ஆறுமே அங்கே இருக்கின்றன. மூன்று துளைக்கு வேலை இல்லை என்றாலும் அவை மறைந்துவிடாது. மூடியபடி நிற்கும். மூடிய துளை என்றால் பூஜ்யம்தானே! ஆகவே பெட்டியில் ஐந்து என்பது 000101. ஸ்கூட்டர் மீட்டரில் நடப்பதும் இதுதான். சக்கரம் இருக்கும் வரை அது ஏதாவது ஓர் இலக்கத்தைக் காட்டித்தான் ஆகவேண்டும்.

லைப்னிட்சுக்கு இந்த எண்கள்மீது தீராத ஆசை. 1697 புத்தாண்டுக்கு ருடால்ஃப் ஆகஸ்ட் என்ற கோமகனுக்கு வாழ்த்துக் கடிதம் எழுதியபோது, இரும எண்கள் பொறித்த பதக்கம் ஒன்றின் மாதிரியையும் அனுப்பினார். ஒன்றுமில்லாத பூஜ்யத்திலிருந்தும் ஒன்றிலிருந்தும் எல்லா எண்களும் பிறப்பதுபோல, ஒன்றுமில்லாமையிலிருந்து இறைவன் உலகைப் படைத்தார் என்பது அவர் கண்ட பொருள்.

நண்பர்கள் ரசித்தார்கள். அறிஞர்கள்? 1701-ல் பாரிசில் இருந்த அறிவியல் கழகத்துக்கு இரும எண்களைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினார். கழகத்தின் செயலாளர் ஃபோன்டெனல். படித்தார். இதனால் என்ன பயன் என்பது தெரியவில்லையே என்று தயங்கினார். கட்டுரை அச்சேறவில்லை.

அந்தக் கேள்வியும் நியாயமானதுதான். முப்பத்திரண்டு என்று இரண்டு இலக்கத்தில் எழுதுவதை 100000 என்று ஆறு இலக்கத்தில் எழுதினால் யாருக்கு லாபம்? கடைக்காரர் இப்படிக் கணக்கு எழுதினால் பேரேடு ஒரே வாரத்தில் தீர்ந்துபோகும். அன்றாடக் கணக்குக்கு இது உதவாது என்று லைப்னிட்சுக்கும் தெரியும். எண்களின் உள்ளே இருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிக்க உதவும் என்று மட்டும் உறுதியாக நம்பினார்.

இந்த நேரத்தில் உதவி சீனாவிலிருந்து வந்தது!

ஜோகிம் புவே என்பவர் பிரெஞ்சுப் பாதிரியார். சீனச் சக்கரவர்த்தி காங்சிக்குக் கணிதம் கற்பித்தவர்களில் ஒருவர். இன்று பெய்ஜிங் என்கிறோமே, அந்தப் பீகிங் நகரில் இருந்தார். லைப்னிட்சுக்கும் அவருக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு. 1701 பிப்ரவரியில் லைப்னிட்ஸ் அவருக்கு இரும எண்களை விளக்கி எழுதினார். புவே நவம்பரில் பதில் எழுதினார். கப்பல் தபால் அல்லவா? அந்தப் பதில் லைப்னிட்ஸ் கைக்கு வந்து சேர்ந்த நாள் 1703 ஏப்ரல் 1. முழுசாக ஒன்றேகால் ஆண்டுக்கு மேல்!

உறையைப் பிரித்தால் உள்ளே ஒரு படம். ‘யி சிங்’ என்ற பழைய சீன நூலில் வரும் 64 உருவங்களை வட்டமாகவும், வட்டத்துக்குள் சதுரமாகவும் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வோர் உருவமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஆறு கோடுகள். கோடு முழுசாக இருக்கும், அல்லது நடுவில் உடைந்திருக்கும். வேறு வகையே கிடையாது. உடைந்த கோட்டை 0 என்றும் முழுக் கோட்டை 1 என்றும் வைத்துக்கொண்டு படித்தால்? ஆறும் உடைந்திருந்தால் 000000. ஆறும் முழுசாக இருந்தால் 111111, அதாவது 63. நடுவில் உள்ளவை 1, 2, 3 என்று வரிசை பிசகாமல் வந்தன! லைப்னிட்ஸ் அந்தப் படத்தின் மீதே ஒவ்வோர் உருவத்துக்கும் பக்கத்தில் 0 முதல் 63 வரை எண்களை எழுதிவைத்தார். அந்தத் தாள் இன்றும் ஹனோவரில் பத்திரமாக இருக்கிறது.

சீன உருவங்களில் ஒன்றுகூட நாலு கோட்டிலோ ஐந்து கோட்டிலோ இல்லை. எல்லாவற்றுக்கும் ஆறு. ஐந்து என்ற எண்ணுக்கு மூன்று கோடு போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. மற்ற மூன்றையும் உடைந்த கோடாகப் போட்டு நிரப்பினார்கள். அதனால்தான் எல்லா உருவமும் ஒரே அளவாக வட்டத்திலும் சதுரத்திலும் அழகாகப் பொருந்தின.

லைப்னிட்சுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு வாரத்துக்குள் புதிய கட்டுரை எழுதிப் பாரிசுக்கு அனுப்பினார். இந்த முறை கழகம் ஏற்றுக்கொண்டது. 1703-ஆம் ஆண்டுக்கான அதன் தொகுதியில் சேர்த்து, 1705-ல் அச்சிட்டார்கள். சில பக்கங்களே கொண்ட கட்டுரை. அதில் 0 முதல் 32 வரை ஓர் அட்டவணை. அந்த அட்டவணையில்தான் நம் குட்டிப் பூஜ்யங்கள் வருகின்றன.

சாதாரணமாக எழுதினால் முதல் எட்டு எண்கள் இப்படி இருக்கும்: 0, 1, 10, 11, 100, 101, 110, 111. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. இதில் ஒழுங்கு ஏதாவது கண்ணுக்குத் தெரிகிறதா? இப்போது இடப்பக்கம் பூஜ்யம் நிரப்பி, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவோம்.

000000
000001
000010
000011
000100
000101
000110
000111

வலது ஓரத்து நெடுவரிசையை மேலிருந்து கீழே படியுங்கள். 0 1 0 1 0 1 0 1. அதற்கு இடப்பக்கம் உள்ளதைப் படியுங்கள். 0 0 1 1 0 0 1 1. மூன்றாவது? 0 0 0 0 1 1 1 1. நான்காவது நெடுவரிசையில் எட்டு பூஜ்யமும் எட்டு ஒன்றும் மாறி மாறி வரும். ஐந்தாவதில் பதினாறு, பதினாறு. கோலப் புள்ளி வைத்த மாதிரி ஓர் ஒழுங்கு!

இந்த ஒழுங்கு எப்போதும் இருந்ததுதான். ஆனால் இடப்பக்கம் வெற்றிடமாக இருந்தால் நெடுவரிசையின் ஆரம்பம் தெரியாது. மூன்றாவது நெடுவரிசை 1 1 1 1 என்றே தொடங்குவதுபோலத் தோன்றும். அதற்கு மேலே உள்ள நாலு பூஜ்யங்களையும் எழுதினால்தான் நாலுக்கு நாலு என்ற தாளம் கேட்கும். நெடுவரிசையின் தலைப்பில் உள்ள வெற்றிடத்தை நிரப்பவும், இந்தத் தாளத்தை நன்றாகக் காட்டவும்தான் குட்டிப் பூஜ்யங்களைப் போட்டிருப்பதாக லைப்னிட்சே கட்டுரையில் விளக்கியிருக்கிறார். அச்சிலும் அவை மற்ற இலக்கங்களைவிடச் சிறியதாகவே இருந்தன. மதிப்பில்லாத பூஜ்யம் எது, மதிப்புள்ள பூஜ்யம் எது என்பது படிப்பவருக்குக் குழம்பக்கூடாது அல்லவா? இதைத்தான் நான் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

தாளம் தெரிந்துவிட்டால் கணக்குப் போடாமலே அட்டவணையை எழுதிவிடலாம் என்றும் காட்டினார். நெடுவரிசை நெடுவரிசையாக மேலிருந்து கீழே எழுதிக்கொண்டே போகவேண்டியதுதான். வர்க்க எண்களுக்கும் கன எண்களுக்கும்கூட இப்படிப்பட்ட தாளம் உண்டு என்றார்.

ஒரு விஷயத்தில் அவர் ஊகம் தவறிவிட்டது. ஃபூ ஷி என்ற பழங்கால அரசர் இரும எண் கணக்கை அறிந்தே அந்த உருவங்களை உண்டாக்கினார் என்று அவரும் புவேயும் நம்பினார்கள். ஆனால் புவே அனுப்பிய படத்தில் உள்ள வரிசையை அமைத்தவர் ஷாவோ யோங் என்ற அறிஞர். அவர் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். சீனர்கள் இந்த உருவங்களைக் குறி பார்க்கவும் தத்துவம் பேசவும் பயன்படுத்தினார்களே தவிர, கூட்டிக் கழிக்கவில்லை. நம் நாட்டில் பிங்கலர் என்பவர் வடமொழிச் செய்யுளுக்கு எழுதிய இலக்கண நூலிலும், குறில் நெடில் அசைகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று வரிசைப்படுத்தும் முறை உண்டு. அதைப் பற்றி லைப்னிட்சுக்குத் தெரியாது.

அவருடைய கடைசிக் காலம் சோகமானது. நுண்கணிதத்தை முதலில் கண்டுபிடித்தவர் நியூட்டனா லைப்னிட்சா என்று பெரிய சண்டை மூண்டது. இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள் என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. அன்று ராயல் சொசைட்டி ஒரு குழுவை அமைத்து, 1712-ல் நியூட்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்போது அந்தச் சங்கத்தின் தலைவர் யார் தெரியுமா? நியூட்டனேதான்!

1714-ல் ஹனோவர் ஆட்சியாளர் ஜார்ஜ் லுட்விக், முதலாம் ஜார்ஜ் என்ற பெயரில் இங்கிலாந்து மன்னராகி லண்டன் போனார். லைப்னிட்சை அழைத்துப் போகவில்லை. அரச குடும்பத்தின் வரலாற்றை எழுதித் தருவதாக 1685-ல் ஒப்புக்கொண்டிருந்தார் அல்லவா, அதை முதலில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். ஆதாரம் தேடி ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி என்று சுற்றியவர் அவர். எதையும் வேரிலிருந்து தொடங்குவது அவர் குணம். எழுதி எழுதி 1005-ஆம் ஆண்டு வரைக்கும்தான் வந்திருந்தார். இன்னும் எழுநூறு ஆண்டுகள் பாக்கி! 1716 நவம்பர் 14-ல் ஹனோவரில் இறந்துபோனார். வயது எழுபது. திருமணம் செய்துகொள்ளவில்லை. இறுதிச் சடங்குக்கு அரண்மனையிலிருந்து யாரும் வரவில்லை. உதவியாளர் எக்கார்ட் வந்திருந்தார். பாரிசில் மட்டும், அன்று பயன் என்ன என்று தயங்கிய அதே ஃபோன்டெனல், 1717-ல் கழகத்தில் அவருக்குப் புகழுரை ஆற்றினார்.

அவர் விட்டுச் சென்ற தாள்கள் சுமார் இரண்டு லட்சம் பக்கம். அவற்றில் ஏறத்தாழ 15,000 கடிதங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அந்தக் கடிதங்களை யுனெஸ்கோ 2007-ல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது.

ஃபோன்டெனலின் கேள்விக்கு விடை கிடைக்க இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1937-ல் கிளாட் ஷேனன் என்ற அமெரிக்க மாணவர், திறந்து மூடும் மின் சுவிட்சுகளைக் கொண்டு இரும எண் கணக்குகளைச் செய்யலாம் என்று காட்டினார். பிறகு வந்த கணினிகள் அந்த வழியில்தான் வளர்ந்தன. கணினியில் ஒரு பைட் என்பது எட்டு இடம். அதில் ஐந்தை வைத்தால் 00000101 என்றுதான் இருக்கும். லைப்னிட்சின் கோலிக்குண்டுப் பெட்டியைப் போலவே, சுவிட்ச் இருந்தால் அது திறந்திருக்கவேண்டும் அல்லது மூடியிருக்கவேண்டும். இரண்டும் இல்லாமல் காலியாக இருக்க வழியே இல்லை.

உங்கள் வீட்டு அக்காவோ அண்ணனோ பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறார்களா? அவர்கள் பாடப் புத்தகத்தில் பைதான் என்ற கணினி மொழி இருக்கும். லைப்னிட்சின் அட்டவணையை அதில் வரவழைக்கச் சொல்லுங்கள். ‘பின்’ என்ற கட்டளையை மட்டும் கொடுத்தால், இது இரும எண் என்ற அடையாளத்துக்காக ஒரு பூஜ்யமும் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் முன்னால் ஒட்டிக்கொண்டு, ஐந்துக்கு 101 என்றே வரும். குட்டையும் நெட்டையுமாக அட்டவணை ஆடும். ‘ஃபார்மட்’ என்ற கட்டளையில் எண்ணைக் கொடுத்து, அடுத்து மேற்கோள் குறிக்குள் பூஜ்யம், ஆறு, ‘பி’ எழுத்து மூன்றையும் இடைவெளி இல்லாமல் கொடுக்கவேண்டும். ‘பி’ என்றால் இருமம். ஆறு என்றால் ஆறு இடம். முன்னால் உள்ள பூஜ்யம், வெற்றிடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பு என்று சொல்கிறது. உடனே 000101 என்று வரும். அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் கணினி இடப்பக்கத்தை வெறும் இடைவெளியால் நிரப்பிவிடும்.

கிடைப்பது எண் அல்ல, எழுத்துகளின் வரிசை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் கழித்தல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் காட்டும்போதுதான் இந்த அலங்காரம். -5 கொடுத்தால் கழித்தல் குறியும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு -00101 என்று வரும். 64 கொடுத்தால்? ஆறு இடத்தில் அடங்காது. ஆனால் பைதான் எதையும் வெட்டி எறியாமல் 1000000 என்று ஏழு இடத்தில் எழுதிவிடும். அந்த ஒரு வரி மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சீனப் படம் 63-ஓடு ஏன் நின்றது என்று இப்போது புரிகிறதா?

கணினி இல்லாவிட்டாலும் கவலை இல்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். மூன்றாம் வாய்ப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 0, 3, 6, 9, 12 என்று 45 வரை ஒவ்வொன்றையும் ஆறு கட்டத்தில், குட்டிப் பூஜ்யம் போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வலது ஓரத்தில் 0 1 என்று மாறி மாறி வரும். அதற்கு அடுத்த நெடுவரிசையில் 0 1 1 0 என்பது திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது நெடுவரிசையில் எட்டு எட்டாக ஒரு தாளம் இருக்கிறது. அது என்ன என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.